தென்னை மரத்தில் தேள் கொட்டினால் காதோரம் நெறி கட்டுமா? கன்னத்தில் உருளும் அந்தக் கட்டியின் கதை

காலையில் முகம் கழுவும்போதுதான் கையில் தட்டுப்படும். காதுக்கு முன்னாடி, தாடை மடங்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, தோலுக்கு அடியில் ஏதோ உருளும். ஊறவைத்த கொண்டைக்கடலை சைஸ். நேற்று இருந்ததா? ஞாபகமில்லை. மறுபக்கம் இருக்கிறதா? இல்லை. வலிக்கிறதா? அழுத்தினால் லேசாக. சிறுசேரி சிப்காட் போகும் கேபில் உட்கார்ந்ததும் செல்ஃபி கேமராவைத் திருப்பி ரெண்டு கன்னத்தையும் ஒப்பிட்டுப் பார்த்திருப்பீர்கள். கேளம்பாக்கம் டிராஃபிக்கில் வண்டி நிற்கும் நேரத்தில் கூகுளையும் தட்டியிருப்பீர்கள். அது வழக்கம்போல மூணாவது வரியிலேயே ‘கேன்சர்’ என்று சொல்லியிருக்கும்.

வீட்டில் சொன்னால் வேறு கதை. “பொன்னுக்கு வீங்கிடா இது. என் செயினைக் கழட்டித் தர்றேன், ஒரு வாரம் கழுத்துல போட்டுக்கோ, தானா வத்திடும்” என்பார் அம்மா. பாட்டி இருந்தால் மஞ்சளையும் சுண்ணாம்பையும் குழைத்துக்கொண்டு வருவார். நண்பனோ, “மெடிக்கல்ல ஒரு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடு மச்சி, மூணே நாள்” என்பான்.

கூகுளையும் சேர்த்து நாலு பேர், நாலு தீர்ப்பு. நாலு பேருமே சொல்லாமல் விட்ட ஒரு விஷயம் இருக்கிறது. அந்த இடத்தில் உங்கள் உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ளேயே நெறி கட்டலாம். இளம் வயதுக்காரர்களுக்குத் திடீரென்று அங்கே சின்னதாக ஒரு கட்டி வந்தால், அதிலும் சமீபத்தில் தலையிலோ கண்ணிலோ காதிலோ ஏதாவது பிரச்னை இருந்திருந்தால், முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

நெறி கட்டுறதுன்னா என்ன?

‘தென்னை மரத்தில் தேள் கொட்டினால் பனை மரத்தில் நெறி கட்டிச்சாம்’ என்று ஒரு பழமொழி உண்டு. சம்பந்தா சம்பந்தம் இல்லாமல் பேசுபவரைக் கிண்டல் செய்யச் சொல்வது. ஆனால், நம் உடம்புக்குள் இது நிஜமாகவே நடக்கிறது. காலில் முள் குத்திப் புண்ணானால், தொடையிடுக்கில் உருண்டையாக ஏதோ வீங்கும். ‘நெறி கட்டியிருக்கு’ என்று ஊரில் சொல்வோமே, அது. புண் ஓரிடம், வீக்கம் வேறிடம்.

காரணம் ரொம்ப சிம்பிள். ரத்தக் குழாய்கள் மாதிரியே நிணநீர்க் குழாய்கள் என்று ஒரு தனி நெட்வொர்க் உடம்பு முழுக்க ஓடுகிறது. அது வழியாகப் போகும் திரவத்தில் கிருமி இருக்கிறதா என்று சோதிக்க வழியெங்கும் செக்போஸ்ட்டுகள் இருக்கின்றன. அவைதான் நிணநீர் முடிச்சுகள். தலை, கழுத்துப் பகுதியில் மட்டுமே சுமார் 300 இருக்கும். எந்த ஏரியாவில் கிருமி நுழைகிறதோ, அந்த ஏரியாவுக்குப் பொறுப்பான முடிச்சுக்குள் வெள்ளை அணுக்கள் பெருகும். ஆள்பலம் கூடினால் இடம் பத்தாது, முடிச்சு வீங்கும். அதாவது, அந்த வீக்கமே பெரும்பாலும் நோய் இல்லை. நோயோடு உடம்பு சண்டை போடுகிறது என்பதற்கான அடையாளம். டாக்டர்கள் இதை ‘ரியாக்டிவ்’ முடிச்சு என்பார்கள்.

சரி, தொடையிடுக்கு, அக்குள், கழுத்து எல்லாம் ஓகே. உமிழ்நீர்ச் சுரப்பிக்குள் எப்படிப் போய் நெறி கட்டும்?

பரோட்டிட்: கடைசியாகக் கதவைச் சாத்தும் சுரப்பி

நமக்குப் பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூணு ஜோடி. நாக்குக்கு அடியில் ஒரு ஜோடி, தாடை எலும்புக்கு அடியில் ஒரு ஜோடி, காதுக்கு முன்னும் கீழுமாக ஒரு ஜோடி. இந்தக் கடைசி ஜோடிதான் மூன்றிலும் பெரியது. பெயர் பரோட்டிட். கிரேக்க மொழியில் ‘காதுக்குப் பக்கத்தில்’ என்று அர்த்தம். பரோட்டாவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால், பரோட்டாவும் சால்னாவும் எதிரில் வந்ததும் முழு ஸ்பீடில் வேலை செய்யும் சுரப்பிகளில் இதுவும் ஒன்று. மேல் கடைவாய்ப் பற்களுக்கு எதிரே, கன்னத்தின் உட்புறம் நாக்கால் தடவிப் பாருங்கள். சின்னதாக ஒரு மேடு தட்டுப்படும். இதன் குழாய் வாய்க்குள் திறக்கும் இடம் அதுதான்.

அம்மா வயிற்றில் கரு வளரும்போது, உமிழ்நீர்ச் சுரப்பிகளில் முதலில் உருவாக ஆரம்பிப்பது பரோட்டிட். ஆனால், தன்னைச் சுற்றி உறையைக் கட்டி மூடிக்கொள்வதில் இதுதான் கடைசி. அதற்குள் பக்கத்தில் நிணநீர் முடிச்சுகள் வளர ஆரம்பித்துவிடுகின்றன. வீடு கட்டி காம்பவுண்டு சுவர் எழுப்புவதற்குள் பக்கத்து வீட்டுக் கோழிகள் உள்ளே வந்துவிட்ட மாதிரி, முடிச்சுகள் சுரப்பிக்குள்ளேயே மாட்டிக்கொள்கின்றன. மற்ற ரெண்டு ஜோடியும் சீக்கிரமே மூடிக்கொள்வதால் அவற்றுக்குள் முடிச்சுகள் கிடையாது. தாடைச் சுரப்பிக்குப் பக்கத்தில், வெளியேதான் இருக்கும். பரோட்டிட்டுக்கு மட்டும்தான் இந்த உள்குடித்தனம்.

மாட்டிக்கொண்டதில் சுரப்பித் திசுக்களும் உண்டு. அந்த முடிச்சுகளுக்குள் துளியூண்டு உமிழ்நீர்க் குழாய்த் திசு சிக்கிக்கொள்ளும். பல வருடங்கள் கழித்து அதிலிருந்து ‘வார்தின் கட்டி’ என்ற ஒன்று வளரலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக நோயியல் பேராசிரியர் ஆல்ட்ரெட் ஸ்காட் வார்தின் 1929-ல் விவரித்ததால் அந்தப் பெயர். கேன்சர் இல்லாத கட்டிதான். பெரும்பாலும் 50 வயதைத் தாண்டியவர்களுக்கு வரும். சிகரெட்டோடு இதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு. ஓ.எம்.ஆர் டீக்கடைகளில் சாயங்காலம் அஞ்சு மணிக்குப் புகை சூழ நிற்கும் கூட்டத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நுரையீரலோடு சேர்த்து பரோட்டிட்டும் ஞாபகத்துக்கு வரும்.

தேள் எங்கே கொட்டியது?

இப்போது உங்கள் கட்டிக்கு வருவோம். பரோட்டிட்டுக்குள் இருக்கும் முடிச்சுகள் எந்த ஏரியாவுக்குக் காவல் தெரியுமா? நெற்றி, பொட்டு, தலையின் முன்பாதி, கண் இமைகள், வெளிக்காது, கன்னத்தின் மேல்பகுதி. அந்த ஏரியாவில்தான் தேளைத் தேட வேண்டும். கேளம்பாக்கத்தைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தேளுக்குப் பஞ்சமே இல்லை.

முதலில் மெட்ராஸ் ஐ. பெயரிலேயே நம்ம ஊர் இருக்கிறது. அடினோ வைரஸ் கண்ணைத் தாக்கி, கண் சிவந்து, நீர் வடியும்போது, அதே பக்கம் காதுக்கு முன்னால் தொட்டால் வலிக்கும்படி சின்னதாக நெறி கட்டுவது ரொம்ப சகஜம். கண் டாக்டர்கள் அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்ப்பது அதற்காகத்தான். ஹாஸ்டலில் ஒருவருக்கு மெட்ராஸ் ஐ வந்து வரிசையாகப் பத்துப் பேருக்குப் பரவும்போது, ரெண்டு மூணு பேர் ‘கன்னத்துல கட்டி’ என்று தனியாகப் பயந்துகொண்டு இருப்பார்கள். கண்ணுக்கும் கன்னத்துக்கும் முடிச்சுப் போடத் தோன்றாது.

அடுத்தது காது. சனி, ஞாயிறு ஆனால் கோவளம் கடலில் சர்ஃபிங் கற்றுக்கொள்ளப் போகும் கூட்டம் அதிகமாகிவிட்டது. கடல்நீர் காதுக்குள் தேங்கி, வீட்டுக்கு வந்ததும் பட்ஸ் போட்டுக் குடைந்து, வெளிக்காதுக் குழாயில் புண் வந்தால், அதே பக்கம் பரோட்டிட்டில் நெறி கட்டலாம். காதில் ரெண்டாவது, மூணாவது ஓட்டை போட்டு அதில் சீழ் வைத்தாலும் அதே கதை. மெட்டல் அலர்ஜி கொடுக்கும் மலிவான ஸ்டட், நாள் முழுக்கக் காதில் அழுந்தும் இயர்பட்ஸ், எதுவாக இருந்தாலும் தோல் கிழிந்து தொற்று வந்தால் முடிச்சு விழித்துக்கொள்ளும்.

வீட்டில் குழந்தை இருக்கிறதா? திருப்போரூர் முருகன் கோயிலில் மொட்டை போட்டு, காது குத்திவிட்டு வந்த ஒரு வாரத்தில் குழந்தையின் காதோரம் ஒரு உருண்டை தெரிந்தால் பதறாதீர்கள். முதலில் தலையில் பிளேடு கீறல் புண்ணாகியிருக்கிறதா, காது குத்திய இடம் சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு என்றால் பேன், ஈறு. சொறிந்து சொறிந்து தலையில் புண்ணாகும். தலைப்படையும் அப்படித்தான். பெரியவர்களுக்கு ஹெல்மெட்டுக்குள் வியர்த்து வரும் வேர்க்குரு, சீழ்ப்பரு, ஹேர் டை அலர்ஜி. நெற்றியிலும் பொட்டிலும் கிள்ளிக் கிள்ளிப் புண்ணாக்கிய பருக்களையும் மறக்காதீர்கள்.

பூனை வளர்க்கிறீர்களா? பூனைக்குட்டி கீறிய சில வாரங்களில் நெறி கட்டும் ஒரு நோய் உண்டு. பார்டொனெல்லா என்ற பாக்டீரியா காரணம். கீறல் ஆறி மறந்தே போயிருக்கும், முடிச்சு அப்போதுதான் வீங்க ஆரம்பிக்கும். முகத்திலோ கண் பக்கமோ கீறியிருந்தால் வீக்கம் காதோரம் வரலாம். பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். டாக்டர் கேட்காவிட்டாலும் ‘எங்க வீட்ல பூனை இருக்கு’ என்று சொல்லிவிடுங்கள்.

தேளைக் கண்டுபிடித்து அதற்கு வைத்தியம் பார்த்தால், ரெண்டு முதல் நாலு வாரத்தில் நெறி வற்ற ஆரம்பிக்கும். முழுசாக மறையாமல் பட்டாணி சைஸில் அப்படியே தங்கிவிடுவதும் உண்டு. சண்டை முடிந்தும் செக்போஸ்ட்டைக் கலைக்காத மாதிரி. அதைத் தினமும் நாப்பது தடவை அழுத்திப் பார்த்தால் அந்த அழுத்தத்திலேயே வலிக்கும். வலிக்கிறது என்று மறுபடி அழுத்துவீர்கள். இந்த வட்டத்தில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

நெறி இல்லையென்றால் வேறு என்ன?

பல்லை இறுகக் கடித்துக்கொண்டு தொட்டுப் பாருங்கள். கன்னத்தில் பாறை மாதிரி ஒன்று எழும்பினால் அது உங்கள் மெல்லும் தசை. ரெண்டு பக்கமும் இருக்கும். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பவர்களுக்கும் நாள் முழுக்கச் சூயிங்கம் மெல்பவர்களுக்கும் இது பெருத்தே இருக்கும்.

சாப்பிட உட்கார்ந்ததும் வீங்கி, சாப்பிட்டு முடித்து ஒரு மணி நேரத்தில் வடிகிறதா? உமிழ்நீர்க் குழாயில் கல் இருக்கலாம். இது பெரும்பாலும் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியில்தான் வரும். ஊறுகாயைப் பார்த்தாலே வலி சுரீர் என்று இழுத்தால் அநேகமாக இதுதான்.

அம்மா சொன்ன பொன்னுக்கு வீங்கி எப்படி இருக்கும்? அதில் உருண்டையாக ஒன்று தட்டுப்படாது. சுரப்பி மொத்தமுமே மாவு பிசைந்து வைத்த மாதிரி வீங்கும். காது மடலின் அடிப்பகுதி வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். காய்ச்சல், உடம்புவலி, வாயைத் திறக்கவே சிரமம். ஒரு பக்கம் ஆரம்பித்து, ரெண்டு மூணு நாளில் மறுபக்கமும் வரலாம். இது வைரஸ் நோய். ஒரு வாரம், பத்து நாளில் தானாக அடங்கும். செயின் போட்டாலும் அடங்கும், போடாவிட்டாலும் அடங்கும். தங்கம் விற்கிற விலைக்கு அம்மாவின் நம்பிக்கையை நான் குறை சொல்லப் போவதில்லை. ஆனால், அந்த நாட்களில் வீட்டிலேயே இருங்கள். வீக்கம் ஆரம்பித்ததிலிருந்து அஞ்சு நாள் வரை அடுத்தவருக்குப் பரவும். வளர்ந்த ஆண்களுக்கு விதைப்பை வீக்கம் வந்தால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். அரசு இலவசமாகப் போடும் எம்.ஆர் ஊசியில் தட்டம்மைக்கும் ரூபெல்லாவுக்கும்தான் பாதுகாப்பு. பொன்னுக்கு வீங்கிக்கு எதிரான மருந்து, தனியாரில் போடும் எம்.எம்.ஆர் ஊசியில்தான் இருக்கிறது. ‘எல்லா ஊசியும் போட்டாச்சே’ என்பவர்களுக்கும் இது வருவதற்குக் காரணம் இதுதான்.

அப்புறம், நிஜமான கட்டிகள். பரோட்டிட்டில் வரும் கட்டிகளில் பத்தில் எட்டு கேன்சர் இல்லாதவை என்பது மருத்துவப் பாடப்புத்தகக் கணக்கு. அதில் அதிகம் காணப்படும் ‘பிளியோமார்ஃபிக் அடினோமா’, வலியே இல்லாமல் வருடக்கணக்கில் மெதுவாக வளரும். கேன்சர் இல்லை என்று அப்படியே விட்டுவிடவும் முடியாது. நீண்ட காலம் விட்டுவைத்தால் அதில் சில கேன்சராக மாறக்கூடும். அதனால் அறுவை சிகிச்சையில் எடுத்துவிடச் சொல்வார்கள். சந்தோஷமான வார்த்தையைக் கேட்டதும் ஃபைலைப் பரணில் போடும் பழக்கம் நம்மிடம் இருப்பதால் இதைச் சொல்கிறேன்.

செங்கல்பட்டு மண்ணில் மறக்கக்கூடாத ஒரு பெயர்

நெறிக்கட்டி என்று சொன்னாலே நம் நாட்டில் டாக்டர்கள் மனதில் ஓடும் இன்னொரு சந்தேகம், டி.பி. ‘எனக்கு இருமலே இல்லையே’ என்பீர்கள். டி.பி நுரையீரலில் மட்டும் வருவதில்லை. நுரையீரலுக்கு வெளியே அது அதிகம் தங்கும் இடங்களில் நிணநீர் முடிச்சும் ஒன்று. பெரும்பாலும் கழுத்தில். பரோட்டிட்டுக்குள் இருக்கும் முடிச்சில் வருவது அபூர்வம்தான். ஆனால், வந்தால் வலியே இல்லாமல், மெதுவாக வளர்ந்து, தொட்டால் அப்படியே சாதாரண உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டி மாதிரியே இருக்கும்.

‘சின்ன வயசுலயே பி.சி.ஜி போட்டாச்சு, கையில தழும்பு இருக்கு’ என்று சட்டைக் கையைத் தூக்கிக் காட்டுபவர்களுக்கு நம்ம மாவட்டத்திலேயே ஒரு பதில் இருக்கிறது. 1968-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் பிரமாண்டமான பி.சி.ஜி தடுப்பூசி ஆய்வு ஒன்றை ஆரம்பித்தது. இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் பகுதிகளில், லட்சக்கணக்கான மக்களை வைத்து நடந்த ஆய்வு. பதினைந்து வருடங்கள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் டி.பி-யை அந்தத் தடுப்பூசி தடுக்கவில்லை என்று முடிவு வந்தது. உலகம் முழுக்க மருத்துவர்கள் ‘செங்கல்பட்டு ஆய்வு’ என்று இன்றும் பேசுவது இதைத்தான். குழந்தைகளுக்கு வரும் மூளைக்காய்ச்சல் வகை டி.பி போன்ற மோசமான வடிவங்களிலிருந்து பி.சி.ஜி காப்பாற்றுகிறது. அதனால் பிறந்ததும் போடுகிறோம். ஆனால், 25 வயதில் உங்கள் கையில் இருக்கும் தழும்பு, உங்கள் கன்னத்துக் கட்டி டி.பி இல்லை என்பதற்கு சர்ட்டிஃபிகேட் கிடையாது.

ரெண்டு பக்கமும் வலியில்லாமல், புசுபுசுவென்று பரோட்டிட் பெருத்துக்கொண்டே வந்தால் இன்னொரு பரிசோதனையும் கேட்பார்கள். ஹெச்.ஐ.வி. கூச்சப்படாமல் செய்துகொள்ளுங்கள். அந்தத் தொற்றில் பரோட்டிட்டுக்குள் இருக்கும் முடிச்சுகள் பெருத்து, நீர்க்கட்டிகளாக மாறுவது உண்டு. இந்தியாவில் ஹெச்.ஐ.வி முதன்முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே சென்னையில்தான். 1986-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமன், அவர் மாணவி செல்லப்பன் நிர்மலா இருவரும் கண்டறிந்தார்கள். அன்று மருந்தே கிடையாது. இன்று அரசு மருத்துவமனை நம்பிக்கை மையங்களில் பரிசோதனை இலவசம். 2004-லிருந்து கூட்டு மருந்து சிகிச்சையும் இலவசம். மருந்து ஆரம்பித்தால் அந்த வீக்கமும் பலருக்குச் சுருங்கும். கண்ணும் வாயும் எப்போதும் வறண்டு, கூடவே சுரப்பிகள் வீங்கினால், அது பெரும்பாலும் பெண்களைத் தாக்கும் ஷோக்ரன் என்ற நோயாக இருக்கலாம். அதற்கு வேறு பரிசோதனை உண்டு.

கத்திக்கு முன்னால் ஊசி

ஏன் இவ்வளவு தூரம் பிரித்துப் பிரித்துச் சொல்கிறேன் என்றால், பரோட்டிட்டுக்குள் இன்னொரு முக்கியமான குடித்தனக்காரர் இருக்கிறார். முகத்தை அசைக்கும் நரம்பு. காதுக்குக் கீழே எலும்பிலிருந்து வெளியே வந்து, நேராகப் பரோட்டிட்டுக்குள் நுழைந்து, உள்ளேயே ஐந்து கிளைகளாகப் பிரிகிறது. புருவம் தூக்குவது, கண் மூடுவது, சிரிப்பது, விசிலடிப்பது எல்லாம் இந்தக் கிளைகளின் வேலை. அதனால்தான் அங்கே கத்தி வைப்பது கழுத்தில் ஒரு கொழுப்புக் கட்டியை எடுப்பது மாதிரி இல்லை. அனுபவமுள்ள அறுவை சிகிச்சை நிபுணர்கள் அந்த நரம்பைக் கண்டுபிடித்து, ஒவ்வொரு கிளையாகக் காப்பாற்றிக்கொண்டே செய்வார்கள். கட்டி நிஜமாகவே கட்டி என்றால் அந்த ஆபரேஷன் தேவைதான். ஆனால், மாத்திரையில் சரியாகும் டி.பி-க்கோ, தானாக வற்றும் நெறிக்கோ அவ்வளவு பெரிய ஆபரேஷன் எதற்கு?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்பவை ரெண்டு சாதாரணப் பரிசோதனைகள். முதலில் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கர்ப்பிணிகளுக்கு எடுப்பார்களே, அதே மாதிரி ஜெல் தடவிக் கன்னத்தில் உருட்டுவார்கள். ஆரோக்கியமான முடிச்சு, அவரைக்கொட்டை வடிவத்தில், நடுவில் கொழுப்பு தெரிய, நீள்வட்டமாக இருக்கும். அந்த நடுப்பகுதி அழிந்து, பந்து மாதிரி உருண்டு, ஓரம் மங்கியிருந்தால் அடுத்த கட்டம். அதுதான் எஃப்.என்.ஏ.சி எனும் ஊசிப் பரிசோதனை. ரத்தம் எடுக்கும் ஊசியைவிட மெல்லிய ஊசியால் கட்டிக்குள் குத்திக் கொஞ்சம் செல்களை உறிஞ்சி எடுத்து, மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பார்கள். சில நிமிட வேலை. தையல் கிடையாது, அட்மிஷன் கிடையாது. டி.பி சந்தேகம் இருந்தால், அதே சாம்பிளை சிபிநாட் அல்லது ட்ரூநாட் பரிசோதனைக்கும் அனுப்பலாம். இதை டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். மொத்த சாம்பிளையும் கண்ணாடித் தகட்டில் தடவிவிட்டால் மறுபடி குத்த வேண்டியிருக்கும்.

‘ஊசி குத்தினா கட்டி கேன்சரா மாறிடும்’ என்று யாராவது சொல்வார்கள். மாறாது. இந்த மெல்லிய ஊசியை உலகம் முழுக்கப் பல வருடங்களாகப் பயன்படுத்துகிறார்கள். ஊசிக்குப் பயந்து தள்ளிப்போடும் மாதங்கள்தான் ஆபத்து.

ரிசல்ட் டி.பி என்று வந்தால்? வழக்கமாக ஆறு மாதம் மாத்திரை. அரசு சுகாதார நிலையங்களில் இலவசம். சத்தான சாப்பாட்டுக்கென்று மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும் திட்டமும் இருக்கிறது. ஒரு காலத்தில் டி.பி என்றால் தாம்பரம் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பார்கள். டாக்டர் சவுரி முத்து 1928-ல் ஆரம்பித்த இடம் அது. இன்று முடிச்சு டி.பி-க்கு மாத்திரை போட்டுக்கொண்டே வேலைக்குப் போகலாம். நுரையீரலில் இல்லாத வரைக்கும் பக்கத்து சீட்டுக்காரருக்குப் பரவாது. மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் கட்டி கொஞ்சம் பெருத்துவிட்டு அப்புறம் வற்றுவதும் உண்டு. பயந்துபோய் நடுவில் நிறுத்திவிடாதீர்கள்.

எத்தனை நாள் காத்திருக்கலாம்?

கண், காது, தலையில் தொற்று இருந்து, கட்டி சின்னதாக, நகர்வதாக, தொட்டால் லேசாக வலிப்பதாக இருந்தால் அந்தத் தொற்றுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு ரெண்டு மூணு வாரம் பார்க்கலாம். அதற்குள் குறையவில்லை, அல்லது காரணமே தெரியவில்லை என்றால் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள். கேளம்பாக்கத்தில் இருப்பவர்களுக்கு இதற்குச் சென்னைக்குள் போக வேண்டிய அவசியம்கூட இல்லை. ஊருக்குள்ளேயே செட்டிநாடு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. செங்கல்பட்டில் 1965-லிருந்து அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கல்லூரி மருத்துவமனைகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவு, ஸ்கேன், நோயியல் துறை எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பது இந்த விஷயத்தில் பெரிய வசதி.

காத்திருக்கவே கூடாத நேரங்களும் உண்டு. கட்டி இருக்கும் பக்கம் கண்ணை முழுசாக மூட முடியவில்லை, சிரித்தால் வாய் ஒரு பக்கம் கோணுகிறது என்றால் அன்றைக்கே போங்கள். கட்டி கல் மாதிரி கெட்டியாக, அடியில் ஒட்டிக்கொண்டு நகராமல் இருந்தால், வேகமாக வளர்ந்தால், மேலே தோல் சிவந்து புண்ணானால், சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வியர்வை, காரணமில்லாமல் எடை குறைவு, கழுத்திலும் அக்குளிலும் கூட முடிச்சுகள் என்று இருந்தால் மூணு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம்.

அதுவரை செய்யக்கூடாதவை ரெண்டு. சுண்ணாம்புப் பத்து தோலைப் பொத்துவிடும். அதன்பிறகு எது கட்டி, எது புண் என்று டாக்டருக்கே குழப்பம் வரும். அதைவிட முக்கியம், மெடிக்கல் ஷாப்பில் கலந்து கொடுக்கும் ‘வீக்க மாத்திரை’. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கட்டி மளமளவென்று வற்றும். நீங்களும் சந்தோஷப்படுவீர்கள். ஆனால், நிணநீர்ப் புற்றுநோயைக்கூடத் தற்காலிகமாகச் சுருக்கிக் காட்டும் மருந்து அது. ஊசிப் பரிசோதனையிலும் உண்மை தெரியாமல் போகலாம். டி.பி-யாக இருந்தால் உள்ளே பரவவும் வழி செய்யும். என்ன மாத்திரை என்று பெயர் தெரியாமல் எதையும் விழுங்காதீர்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் அட்டையைக் கையோடு எடுத்துப் போய்க் காட்டுங்கள்.

டாக்டரைப் பார்க்கப் போகும்போது இன்னும் கொஞ்சம் தயாராகப் போகலாம். கட்டியை எந்தத் தேதியில் முதலில் கவனித்தீர்கள் என்பதை போனில் குறித்துவையுங்கள். வாரம் ஒரு போட்டோ, ஒரே வெளிச்சத்தில், ஒரே கோணத்தில். தினமும் எடுத்தால் தினமும் பெரிதானது மாதிரிதான் தெரியும். கடந்த ரெண்டு மாதத்தில் மெட்ராஸ் ஐ, காதுவலி, பல் வைத்தியம், மொட்டை, பூனைக் கீறல், வீட்டில் யாருக்காவது டி.பி, எது இருந்தாலும் சொல்லுங்கள். சிகரெட் பிடிப்பதையும் மறைக்காதீர்கள்.

ரிப்போர்ட்டில் ‘ரியாக்டிவ் லிம்ஃபாய்டு ஹைப்பர்பிளேசியா’ என்று நீளமாக ஏதோ எழுதியிருந்தால், அதைக் கூகுளில் போடும் முன் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பாட்டி சொல்லும் ‘நெறி கட்டியிருக்கு’தான் அது. நாலு வாரமோ ஆறு வாரமோ கழித்து மறுபடி வரச் சொல்லியிருப்பார்கள். கட்டி அதற்குள் வற்றிவிட்டாலும் அந்தத் தேதிக்குப் போய்க் காட்டிவிட்டு வாருங்கள். இப்போதே போனில் ஒரு ரிமைண்டர் போட்டுவிடுங்கள்.